மூன்று குருவி மாளிகையின் சாட்சி

டிஜோன் நகரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவர் உங்கள் கதவைத் தட்டினால், ஒன்று எங்கோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை தட்டுகிறவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் இந்த ஊரில் யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. கொலைகாரன்கூடக் கடைசித் துண்டுப் பாலாடைக்கட்டியை முடித்துவிட்டுத்தான் கத்தியைத் துடைப்பான் என்பார் ஆன்செல்ம் லெஸ்கூர். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் வாக்குமூலம் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி எழுதி, பொய்யின் நடை அவருக்குப் பழகிவிட்டது. போலீசுக்குப் போகத் தயங்கும் விஷயங்களை அக்கம்பக்கத்தார் அவரிடம் கொண்டுவருவார்கள்.

அக்டோபர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, பன்னிரண்டு அடிக்கும்போது கதவு தட்டப்பட்டது. எழுந்து போய்த் திறந்தவள் மாரிஸ். நாற்பத்தொரு வயது, பியானோ சுருதி சேர்ப்பது தொழில். கியூபெக்கிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. லெஸ்கூரின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். வந்த இரண்டாவது நாளே அவருடைய வேலையில் மூக்கை நுழைத்தவள், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

வாசலில் நின்றது ஓதில் வுவாஸ்னே. மூலைத் தெருப் பொத்தான் கடையில் காலை வேலை பார்க்கும் அம்மாள், ஐம்பத்தெட்டு வயது. படியேறி வந்ததில் வலது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மன்னிக்கணும் முசியே லெஸ்கூர். சாப்பாட்டு நேரம்னு தெரியும். ஆனா வெள்ளிக்கிழமை எங்களை வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க."

"உட்காருங்க மதாம். சூப் இருக்கு."

அவள் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அந்த நொடியில் வெளியே ஓர் ஊளை கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, கூரைகளுக்கு மேலே ஏறி, ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைத்தது. மாரிஸின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அவள் பாதி மேசைக்கடியில் இருந்தாள்.

"என்ன முசியே, போர் வந்துடுச்சா?"

"மாசத்தோட முதல் புதன்," என்றார் லெஸ்கூர் கடுகுச் சாந்தை நகர்த்தியபடி. "ஆபத்துச் சங்கு வேலை செய்யுதான்னு ஊதிப் பாக்குறாங்க. நாடு முழுக்க ஊதுவாங்க. வெளியே வாங்க, சூப் ஆறுது."

ஓதில் பேச்சை நிறுத்தவே இல்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தியதுகூட அவளுக்கே தெரிந்திருக்காது. ஊளை அடங்கியதும் குரல் தானாகத் தணிந்தது. அவள் சொன்னது இதுதான்.

மூன்று குருவி மாளிகையின் இரண்டாம் மாடியில் அவளும் கணவன் ஃபிர்மேனும் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள். வாசல் வளைவில் மூன்று கல் குருவிகள் உள்ள வீடு அது. நடுக்குருவிக்குத் தலை கிடையாது. நானூறு வயதான கட்டடம் என்பதால் அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஃபிர்மேன் இந்த ஊரின் தபால்காரராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. நாற்பத்தாறு படிகள்.

போன வசந்தத்தில் மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. ஜூலையில் கூரை வேலைக்கு வந்த கொத்தனார் அதன் குறுக்கே சுண்ணச் சாந்தால் ஒரு பட்டை பூசி, ஈரத்திலேயே தேதியைக் கீறினார். கொத்தனார்கள் அதைச் சாட்சி என்பார்கள். சுவர் அசைந்தால் சாட்சி உடையும். செப்டம்பர் நாலாம் தேதி அது உடைந்தது.

"காலைல நான் கடைக்குப் போகும்போது முழுசா இருந்துச்சு. மதியம் பன்னெண்டே முக்காலுக்கு வந்து பாத்தா நடுவுல கீறல். நகரசபை நிபுணர் முசியே தெலோர்ம் வந்தாரு. யாராவது இடிச்சிருக்கலாம்னுதான் அவரும் முதல்ல சொன்னாரு. அப்புறம் ஃபிர்மேன் சொன்னதைக் கேட்டாரு. அதோட முடிஞ்சுது."

கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினாள். ஒரு வாரம் கழித்து எழுதி எடுத்த வாக்குமூலம். லெஸ்கூர் உரக்கப் படித்தார்.

"செப்டம்பர் நாலாம் தேதி, புதன்கிழமை. என் ஜன்னல் திறந்திருந்தது. காலை முழுவதும் கூரையில் சுத்தியல் சத்தம். ஆட்கள் சாப்பிடப் போனதும் நின்றது. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. உடனே மாடிப்படிப் பக்கம் காய்ந்த அக்ரூட்டை உடைத்தது போல ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரும் படியில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை."

"நல்ல வாக்குமூலம்," என்றார் லெஸ்கூர். மறுபடி படித்தார். மூன்றாவது முறையும் படித்தார். ஏதோ ஒன்று பல்லில் சிக்கிய நார் போல உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை.

"படுக்கையில கிடக்குற மனுஷன், அவருக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு? அதனால சுவர் தானா அசைஞ்சிருக்குன்னு எழுதிட்டாங்க. சுவருக்கு முட்டுக் குடுத்து முடிக்க எட்டு மாசமாம். எனக்குக் கடை மாடியில ஒரு அறை. அவரை..." ஓதில் கைப்பையை இழுத்து மூடினாள். "அவரை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்துல போடுவாங்களாம். அதை நான் இன்னும் அவர்கிட்ட சொல்லலை. அந்த ஜன்னல்தான் முசியே அவருக்கு உலகம். அங்கேருந்து பிடுங்கினா செத்துப்போயிடுவாரு. வீடு நிஜமாவே விழப்போகுதான்னு மட்டும் சொல்லுங்க. விழும்னா போறோம்."

லெஸ்கூர் மடியில் விரித்திருந்த துண்டை மடித்து வைத்தார். சூப்பை முடிக்காமல் அவர் எழுந்ததை மாரிஸ் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மாளிகையின் மாடிப்படி கல்லால் ஆனது. ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது. படி விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணையும். விசையை அழுத்தும் வேலையை மாரிஸ் தானே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் மாடித் தளத்தில், ஓதில் வீட்டுக் கதவிலிருந்து எட்டடி தூரத்தில், முழங்கை உயரத்தில் அந்தச் சுண்ணப் பட்டை இருந்தது. 'ஜூலை 26' என்று கீறியிருந்தது. தேதியின் நடுவே நேர்கோடாக ஒரு கீறல்.

அதைப் பூசிய கொத்தனார் பஸ்தியான் கூரையிலிருந்து இறங்கி வந்தார். அவரது புருவத்தில்கூட சுண்ணாம்பு இருந்தது.

"விடுமுறைக்கு முன்னாடி கடைசி நாள் பூசினேன் முசியே. ஆகஸ்ட்ல எந்தக் கொத்தனாரும் வேலை செய்ய மாட்டான், சுவரும் லீவு எடுத்துக்கட்டும்னு விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. நான் வச்ச சாட்சி பொய் சொல்லாது."

"சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணலாமா? சிகரெட் சுத்துற தாள் வச்சிருக்கீங்களா?"

பஸ்தியான் பையிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். லெஸ்கூர் அதன் விளிம்பைக் கீறலுக்குள் நுழைக்கப் பார்த்தார். மேலே, நடுவே, கீழே, எங்கேயும் நுழையவில்லை. தாள் மடங்கியது.

"உடைஞ்சிருக்கு, ஆனா வாய் திறக்கலை," என்றார்.

பஸ்தியான் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "அதையே நானும் சொன்னேன். சுவர் விலகினா இடைவெளி இருக்கணும். ஆனா நிபுணர், வெயிலுக்கு விரிஞ்சு குளிருக்கு மூடியிருக்கலாம்ங்கறாரு. அதுவும் நடக்கக்கூடியதுதான். அவரைக் குத்தம் சொல்ல முடியாது."

"நடுவுல இது என்ன?" மாரிஸ் கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தாள். கீறலின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மெல்லிய வட்டப் பள்ளம் தெரிந்தது. நேர் வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை.

"நான் பூசும்போது அது இல்லை," என்றார் பஸ்தியான். விளக்கு அணைந்தது. மாரிஸ் விசைக்கு ஓடினாள்.

அப்போது கீழேயிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் பெருஷோ. தரைத்தளத்தில் மது வியாபாரம் செய்கிறவர். குரலும் வயிறும் பீப்பாய்தான். மாரிஸ் அவரைப் பார்த்த பார்வையில், குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எழுதியிருந்தது.

"என்னை ஏம்மா அப்படிப் பாக்குற? வீட்டை மூடினா என் பாதாள அறையையும் காலி பண்ணணும். நாலாயிரம் பாட்டில். அறுவடை முடிஞ்சு புதுச் சரக்கு வர்ற நேரத்துல! நாலாம் தேதி நான் திராட்சைத் தோட்டத்துல இருந்தேன், முப்பது பேரு பாத்திருக்காங்க."

"வீட்டை ஓட்டலா மாத்தலாமே?" என்றாள் மாரிஸ்.

"ஓட்டலா? இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க மூணு கையெழுத்து வேணும். பாவம் இந்த மனுஷனுக்கு ஒரு லிஃப்ட் வைக்கலாம்னு ரெண்டு தடவை எழுதிப் போட்டோம். மாட்டேன்னுட்டாங்க. படிக்கட்டு பாதுகாக்கப்பட்டதாம். படிக்கட்டைப் பாதுகாக்க ஒரு இலாகா இருக்கு. அதுல ஏற முடியாதவனைப் பாதுகாக்கத்தான் நாதி இல்லை."

லெஸ்கூர் அதைக் குறித்துக்கொள்வது போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஃபிர்மேனின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. வெள்ளை மீசை, தபால்காரர்களுக்கே உரிய கூர்மையான கண்கள். மடியில் ஒரு தட்டு, தட்டில் அக்ரூட் கொட்டைகள். வலது கையில் பித்தளைச் சுத்தியல் ஒன்று, விரல் நீளம்தான். ஒரு கொட்டையைத் தட்டின் குழியில் நிறுத்தி, ஒரே தட்டில் அழகாக இரண்டாகப் பிளந்தார்.

"உட்காருங்க லெஸ்கூர். நீதிமன்றத் தெரு, பதினாலாம் நம்பர், ரெண்டாம் மாடி. உங்க தபால்பெட்டிக் கதவு இடதுபக்கம் இழுத்தாத்தான் திறக்கும்."

"இன்னும் அப்படித்தான் இருக்கு."

"முப்பத்தி நாலு வருஷம் இந்த ஊரை நடந்து தேய்ச்சவன். இப்ப இந்த அம்மா புகைபோக்கி எண்ண வச்சிருக்கா. பதினேழு." அவர் சிரித்தார். ஓதிலும் சிரித்தாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"அன்னிக்கு நீங்க கேட்ட சத்தம்?"

"எழுதிக் குடுத்ததுதான். டக். இதே மாதிரி." இன்னொரு கொட்டையை உடைத்துக் காட்டினார். "நிசப்தமா இருந்துச்சு. இல்லேன்னா கேட்டிருக்குமா?"

மாரிஸ் ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், பழைய பள்ளிக்கூடத்தின் கூரை உச்சியில், சாம்பல் நிறத்தில் பெரிய காளான் போல ஒன்று நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு அருகில்.

"அட, இதுதானா அந்தப் பேய்! இன்னிக்கு என்னை மேசைக்கடியில தள்ளினது? இதுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க எப்படிக் காது செவிடாகாம இருக்கீங்க?"

"எதுக்கு?" என்றார் ஃபிர்மேன், நிஜமாகவே புரியாமல்.

லெஸ்கூர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் ஜன்னலிலிருந்து தட்டுக்கு இறங்கின. தட்டிலிருந்து கட்டிலுக்கடியில் ஒழுங்காக வைத்திருந்த இரண்டு கம்பளிச் செருப்புகளுக்கு வந்து நின்றன. பிறகு, "ஒரு அக்ரூட் குடுங்க," என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

தெருவில் மாரிஸுக்குப் பொறுக்கவில்லை. "என்ன கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்களேன். பெருஷோதானே?"

"பெருஷோ சத்தம் போடுற ஆளு. இது சத்தம் போடாத ஆளு செஞ்ச வேலை. ஒரு கேள்வி கேக்குறேன். மூணு வருஷமா தரையில கால் வைக்காதவருக்குச் செருப்பு எதுக்கு?"

"நாற்காலியில உட்கார வைக்கும்போது போட்டுவிடுவாங்க."

"சரி. அப்போ இடது செருப்போட முனை மட்டும் ஏன் தேய்ஞ்சு நூல் பிரிஞ்சிருக்கு?"

மாரிஸ் அடுத்த முனை வரை வாயைத் திறக்காமல் நடந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தூரம்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லோரும் மாடித் தளத்தில் நின்றார்கள். நிபுணர் தெலோர்ம் கையில் உத்தரவோடு இருந்தார். ஒல்லியான, கவலைப்படும் மனிதர், யார் தலையிலும் கல் விழக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் கிடையாது. பஸ்தியான், பெருஷோ, ஓதில் மூவரும் சுவரோரம் நின்றார்கள். விசைக்குப் பக்கத்தில் மாரிஸ். ஓதில் வீட்டுக் கதவை லெஸ்கூர் பாதி திறந்து வைத்திருந்தார்.

"முசியே தெலோர்ம், இந்தச் சுவர் அசையலை," என்று தொடங்கினார். தாளை எடுத்துக் கீறலில் வைத்துக் காட்டினார். சாய்வெளிச்சத்தில் வட்டப் பள்ளத்தையும் காட்டினார். "யாரோ சின்னதா, உருண்டையா ஒண்ணால அடிச்சிருக்காங்க."

தெலோர்ம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பள்ளம் இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா அப்புறமா யாராவது தட்டிப் பாத்திருக்கலாம். எனக்கு ஒரு காது சாட்சி இருக்கு முசியே லெஸ்கூர். நிசப்தத்துல சுவர் தானா வெடிச்சதை ஒருத்தர் கேட்டிருக்காரு. அதை நான் எப்படி ஒதுக்குறது? நாளைக்கு விழுந்தா?"

"அந்தச் சாட்சியைத்தான் பாக்கணும். அது எந்த நாள்?"

"செப்டம்பர் நாலு. புதன்."

"மாசத்தோட எந்தப் புதன்?"

தெலோர்ம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"முதல் புதன்," என்றாள் மாரிஸ். அவளால் அடக்க முடியவில்லை. "பன்னெண்டு மணி!"

"முதல் புதன், பன்னெண்டு மணி," என்றார் லெஸ்கூர் அமைதியாக. "இந்தச் சங்கு இருக்குறது எதிர்க் கூரையில. கோயில் மணி ஓயும்போது அது ஊத ஆரம்பிக்கும். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல ஊதும். அந்த நேரத்துல திறந்த ஜன்னலோரம் படுத்திருக்குற ஒருத்தருக்கு அக்ரூட் இல்லை, பீரங்கி வெடிச்சாலும் கேக்காது. இந்த வாக்குமூலத்தைச் சொன்னவரும் கவனிக்கலை, எழுதினவரும் கவனிக்கலை, படிச்ச மதாமும் கவனிக்கலை. நானே மூணு தடவை படிச்சேன், அதுவும் அந்தச் சங்கு ஊதி ரெண்டு நிமிஷம்கூட ஆகலை! பொறந்ததுலேருந்து மாசாமாசம் கேட்டுக் கேட்டு, நம்ம காதுல அந்த இடத்துல ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. மூணு வாரம் முன்னாடி வந்த ஒருத்தருக்குத்தான் அது சத்தமாக் கேட்டுது."

மாரிஸ் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ என் புருஷன் பொய் சொன்னாருங்கிறீங்களா?" ஓதில் பெருஷோவின் பக்கம் திரும்பினாள். "யாரு சொல்லச் சொன்னது? நீங்களா?"

"நானா! என் நாலாயிரம் பாட்டில்..."

"ஒரு நிமிஷம்," என்றார் லெஸ்கூர். "முசியே தெலோர்ம், அந்த உத்தரவை உரக்கப் படிங்க. முழுசா."

"வேண்டாம்!" என்றாள் ஓதில், பாதி திறந்த கதவைப் பார்த்தபடி. "அவருக்குக் கேக்கும்."

"படிங்க."

தெலோர்ம் தயங்கிப் படித்தார். வீடு இன்று மாலை ஆறு மணிக்கு மூடப்படும். மதாம் வுவாஸ்னேக்கு அவர் வேலை செய்யும் இடத்தின் மாடியில் ஓர் அறை. முசியே வுவாஸ்னேக்கு, அவர் நிலை கருதி, நகரத்துக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ஒரு பராமரிப்பு இல்லம். எட்டு மாதம்.

விளக்கு அணைந்தது. மாரிஸ் அழுத்த மறந்துவிட்டாள். இருட்டில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். பிறகு தரையில் கம்பளி தேய்கிற சத்தம். மறுபடி டொக். மறுபடி தேய்கிற சத்தம்.

விளக்கு எரிந்தபோது கதவு நிலையில் ஃபிர்மேன் நின்றிருந்தார். வலது கையில் கைத்தடி. இடது தோள் நிலையில் சாய்ந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"தனியாவா?" என்றார். "என்னை மட்டும் தனியாவா அனுப்புவாங்க?"

ஓதில் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. நின்ற இடத்திலேயே, "நீ நிக்குற," என்றாள்.

"பிப்ரவரியிலேருந்து."

"எட்டு மாசமா?"

"முதல்ல கட்டில் வரைக்கும். அப்புறம் கதவு வரைக்கும். நீ கடைக்குப் போனதும் பழகுவேன்." அவர் தெலோர்மைப் பார்த்தார். "நான்தான் முசியே. அன்னிக்குப் பதினோரு மணி இருக்கும். கூரையில இவங்க அடிச்ச அடியில எதுவும் கேக்காது. சுவரைத் தோளால பிடிச்சுக்கிட்டே வந்து, பையிலேருந்து சுத்தியலை எடுத்து ஒரு தட்டு. ஆனா அந்த இரைச்சல்ல சுவர் வெடிச்சது கேட்டுதுன்னா யாரு நம்புவா? அதனால ஆளுங்க சாப்பிடப் போற நேரத்தைச் சொன்னேன். நிசப்தம்னு சொன்னேன். அந்தச் சனியன் பிடிச்ச சங்கு... சத்தியமா எனக்கு ஞாபகமே வரலை."

பஸ்தியான் மெதுவாகத் தலையசைத்தார். தொழில்காரர் என்ற முறையில் அந்தத் தட்டு அவருக்குப் பிடித்துவிட்டது போலிருந்தது.

"எதுக்குடா இதெல்லாம்?" ஓதிலின் குரல் இப்போதுதான் உடைந்தது. "இந்த ஜன்னல் இல்லேன்னா நீ செத்துப்போவேன்னு நான் மூணு ராத்திரி தூங்கலை."

"ஜன்னலா! அந்தப் பதினேழு புகைபோக்கியையும் அந்தக் காளானையும் பாத்துப் பாத்து எனக்கு வாந்தி வருது, ஓதில். தரையில கால் வைக்கணும். அதுகூட இருக்கட்டும். நீ ஒரு நாளைக்கு எட்டு தடவை ஏறி இறங்குற. ஒவ்வொரு படிக்கும் உன் முட்டி கிறீச்சுன்னுது, இங்கே படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டிருக்கேன். போயிடலாம்னு நான் கேட்டா, எனக்காக நீ சிரிச்சுக்கிட்டே மாட்டேன்னு சொல்லுவ. சுவரு கேட்டா கிளம்பிடுவன்னு நினைச்சேன். நகரசபையில ஒரு தரைத்தள வீடு குடுப்பாங்கன்னு நினைச்சேன்."

"நடக்க முடியும்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, பாரு நல்லாயிட்டேன்னு சந்தோஷப்பட்டு இங்கேயே இருந்திருப்ப. நாற்பத்தாறு படி இறங்க என்னால ஆகாது. கதவைத் தாண்டி எட்டடிதான் நடப்பேன்."

இருவரும் ஒருவருக்காக ஒருவர் அந்த வீட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருவருக்குமே அது வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது அவர், அவருக்கு வேண்டியது அவள் முழங்கால். இந்தக் கூத்தை நினைத்தால் சிரிக்க வேண்டும். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஃபிர்மேன் லெஸ்கூரைக் கேட்டார்.

"சத்தத்தை வச்சுப் பொய்னு தெரிஞ்சுது. சுத்தியல் முனையும் பள்ளமும் ஒரே அளவு. ஆனா யாரு அங்க வரைக்கும் நடந்ததுன்னு சொன்னது உங்க செருப்பு. இடது காலை இழுத்து நடக்குறவருக்குத்தான் முனை தேயும். கதவைத் திறந்து வச்சதுக்கு மன்னிச்சிடுங்க. நீங்களா வெளியே வரணும்னு நினைச்சேன். என் வாயால மதாம்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரலை."

தெலோர்ம் தொண்டையைச் செருமினார். "பொய் வாக்குமூலம் சட்டப்படி..."

"முப்பத்தொரு வருஷம் எழுதியிருக்கேன்," என்றார் லெஸ்கூர். "கோப்பை மூடுற வரைக்கும் சொன்னவர் திருத்திக்கலாம். உங்க கோப்பு இன்னும் திறந்துதானே இருக்கு?"

தெலோர்ம் கோப்பைப் பார்த்தார், ஃபிர்மேனின் நடுங்கும் காலைப் பார்த்தார், பேனாவை நீட்டினார். ஃபிர்மேன் சுவரில் காகிதத்தை வைத்து, 'கேட்டேன்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டார். பஸ்தியான் உடைந்த பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பூசி, எல்லோர் கண் முன்னாலும் அன்றைய தேதியைக் கீறினார்.

பெருஷோ வெகுநேரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "முற்றத்துப் பக்கம் கீழே ரெண்டு அறை இருக்கு. பாட்டில் ருசி பாக்க வச்சிருக்கேன். சுவரைத் தொட வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஆளை மட்டும் மாத்தினாப் போதும். ருசி பாக்குறவன் மேல ஏறி வரட்டுமே. நாற்பத்தாறு படி ஏறினா தாகம் நல்லா எடுக்கும்." இப்படி ஒரு யோசனை தன்னிடமிருந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம். சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

அப்போது மணி பன்னிரண்டு அடித்தது. கூரை ஆட்கள் நால்வர் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கி வந்தார்கள். பஸ்தியான் அவர்களிடம் ஏதோ சொன்னார். நால்வரும் பைகளைக் கீழே வைத்தார்கள். இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. ஃபிர்மேனை நாற்காலியோடு தூக்கி, தேய்ந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். தலையில்லாத குருவியின் கீழே அவர் கண்ணை மூடிக்கொண்டார். கால் தரையைத் தொட்டதும் திறந்தார்.

"எங்க போகணும்?" என்று கேட்டார்கள்.

"ஆந்தைகிட்ட."

மாதா கோயிலின் பக்கச் சுவரில், தெருவைப் பார்த்தபடி, உள்ளங்கை அளவில் ஒரு கல் ஆந்தை உண்டு. கடந்து போகிறவர்கள் இடது கையால் அதைத் தடவி மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். தொட்டுத் தொட்டு அதற்கு முகமே இல்லாமல் போய்விட்டது. வலது கையால் தொட்டால் பலிக்காது. தபால்பையோடு முப்பத்திநாலு வருடம் தினமும் அதைத் தொட்டவர் ஃபிர்மேன்.

நாற்காலியைச் சுவரோரம் இறக்கினார்கள். அவர் வலது கை தானாக எழுந்து பாதியில் நின்றது. இடது கை மடியில் கிடந்தது.

ஓதில் குனிந்தாள்; முழங்கால் கிறீச்சிட்டது. உயிரில்லாத அந்தக் கையை எடுத்து ஆந்தையின் மேல் வைத்து, நழுவாமலிருக்கத் தன் இடது கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நிறைய நேரம் அப்படியே இருந்தார்கள்.

"இப்ப யாரோட வேண்டுதல் கணக்கு?" என்று மாரிஸ் கிசுகிசுத்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்," என்றார் லெஸ்கூர். "வாங்க, நமக்கும் மணியாச்சு. சூப்பை இன்னிக்காவது முழுசாச் சாப்பிடுவோம்."